பேனரில் ஐந்தாவது முகம்

“இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்குங்க. நெனிதா மூக்கு மடங்கியிருக்கு பாருங்க” என்றார் தெருவில் நின்றிருந்த அர்தேலியா. பயிற்சி மையத்தின் உரிமையாளர். ஏணியில் இருந்த காவலாளி கம்பியை இழுத்தார். பேனரில் ஐந்து முகங்கள் நிமிர்ந்தன. செவிலியர்களுக்கான ஆங்கிலத் தேர்வில் வென்றவர்கள் என்று மேலே அச்சிட்டிருந்தது. தேர்வு முடிவு மறுநாள்தான் வரும்.

ஐந்தாவது முகம் நெனிதாவுடையது. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ரிசல்ட் வந்தப்புறம் கட்டலாமே, மாம்.”

“எதிர்ல இருக்கிறவங்க நாளைக்குக் காலையிலேயே கட்டிடுவாங்க, கண்ணு. நாம முந்தணும். பாடம் எடுக்கிறவ நீ. நீ பாஸாகாம வேற யாரு ஆவா?”

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் வெளிநாடு போகிறவர்கள் விமானம் ஏறும்வரை வாய் திறக்க மாட்டார்கள். முன்கூட்டிச் சொன்ன காரியம் பாதியில் முறியும். அர்தேலியாவுக்கும் அது தெரியும். ஆனால் எதிர்க் கட்டடத்தில் போன மாதம் இன்னொரு மையம் வந்துவிட்டது.

நெனிதா பதினோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள். இங்கிலாந்துக்கு முதலில் போயிருக்க வேண்டியவள் அவள்தான். இந்தத் தேர்வில் ஆறு முறை தவறினாள். பொறுத்துப் பார்த்த கணவன் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தேடிக்கொண்டு, மகளோடு போய்விட்டான். அவளுக்காக அங்கே ஒரு மருத்துவமனை வைத்திருந்த வேலை இந்த மாதத்தோடு கைவிட்டுப் போகும். எப்போது வருவாய் என்று மகள் கேட்பதை நிறுத்தி ஓராண்டாகிறது.

மாடியில் வகுப்பு. மேசைமேல் மூன்று நிற அட்டைகளைப் பரப்பினாள். சிவப்பில் மே, மைட் போன்ற ‘இருக்கலாம்’ சொற்கள். மஞ்சளில் ‘ஒருவேளை’ என்னும் பாஸிப்ளி, ப்ராபப்ளி. நீலத்தில் நோயாளியைப் பற்றிய சொற்கள்: வலி, ஓய்வு, முன்னேற்றம். சிவப்பை ஒட்டி மஞ்சள், அப்புறம் நீலம். ‘சற்று முன்னேற்றம் தெரிய ஒருவேளை வாய்ப்பிருக்கலாம்.’ எதையும் உறுதி சொல்லாத, எதையும் மறுக்காத வாக்கியம். அவளிடம் அதைக் கற்றவர்கள் முந்நூறு பேராவது வெளிநாடு போயிருப்பார்கள்.

“மாம், ஆளு சாகப்போறது நல்லாத் தெரியுது. அப்பவும் இதேதானா?” என்று ரோவேனா என்ற மாணவி கேட்டாள்.

“அப்ப மஞ்சள்ல ரெண்டாப் போடு” என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்தது.

நெனிதா சிரிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் தேர்வு அறையில் இதே கேள்விதான். எதிரே இருந்த தேர்வாளர் பெண், ஒரு நோயாளியின் மனைவியாக நடித்தாள். “அவர் பிழைப்பாரா, சிஸ்டர்?” பதில் சொல்ல ஐந்து நிமிடம். வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது.

அதே வாக்கியத்தை முன்பு மருத்துவமனையில் ஒரு மீனவனின் மனைவிக்குத் தங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அதை நம்பினாள். குணமாகப் போகிறவருக்காக மணிலாவிலிருக்கும் மகனை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று, ஆறு நாள் சோற்றுத் தூக்கோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். மகன் அடக்கத்துக்குத்தான் வந்தான்.

தேர்வு அறையில் நெனிதா எதிரே இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“இதேதான்” என்றாள் ரோவேனாவிடம். “நிறுத்தாம சொல்லிடணும். நிறுத்தினா போச்சு.”

மாலையில் வாசலில் காவலாளியை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டாள். “மானோங், பேனர்ல என் முகத்தை மட்டும் மடிச்சு விட முடியுமா?”

“நாளைக்கு எல்லாருக்கும் பான்சித் நூடுல்ஸ் வாங்கித் தரணும்னு பயமா, மாம்? தப்பிக்க முடியாது. நான் ரெண்டு தட்டு சாப்பிடுவேன்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு முடிவு வந்தது. நால்வர் தேறியிருந்தார்கள். அர்தேலியா அறையை விட்டு வெளியே வரவில்லை. காவலாளி ஏணியைக் கொண்டுவந்து ஐந்தாவது முகத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினார். தேறியவர்கள் வாங்கிவந்த பான்சித்தை அவர் தொடவில்லை. நெனிதா கணவனுக்கு ‘இல்லை’ என்று ஒரு சொல் அனுப்பினாள். பன்னிரண்டு மணிக்கு மழை பெய்தது. தாள் நனைந்து விழுந்தது. மறுபடி யாரும் ஒட்டவில்லை. மதியம் இரண்டு மணி வகுப்புக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அவள் அட்டைகளைப் பரப்பினாள்.