நாலு முன்பல்

வலது கால் மிதியை அழுத்திக்கொண்டே இருக்கும். கை மட்டும் அசையாது. கல்முனைப் பாடசாலையொன்றின் ஓரத்து அறையில், கால்மிதி இயந்திரத்தால் பிள்ளைகளின் சொத்தைப்பல் குடையும் ஸம்ஸியாவுக்கு ஊர் வைத்த பெயர் 'பல் மிஸ்ஸி'. "ஆவெண்டு வாயத் தொறகா மகள், உள்ளுக்கு எலி இரிக்கா எண்டு பாப்பம்" என்பாள். பிள்ளை எலியை நினைத்துச் சிரிப்பதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

கதைக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். கலியாணம் முடிந்த மறுவாரமே மாப்பிள்ளையின் கடைவாய்ச் சொத்தையை அடைத்துவிட்டவள்.

எண்பதாம் ஆண்டு மாரி மழையில் வயல்காரர் கலந்தர் தன் ஐந்து வயது மகள் ஜுனைதாவைக் கூட்டிவந்தார். இரவெல்லாம் போத்தலில் சீனிப்பால் குடித்து வளர்ந்த பிள்ளை. மேல்வாய் முன்பல் நாலும் கறுத்து, பாதி கரைந்து கிடந்தன. மீலாத் விழாவில் குர்ஆன் கிறாஅத் ஓத அவளைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். 'ஊத்தப்பல்லி' என்று பிள்ளைகள் பகடி பண்ணியதிலிருந்து ஓத மாட்டேன் என்று நிற்கிறாளாம்.

"விழுற பல்லுதானே மிஸ்ஸி, புடுங்கி எறியுங்க" என்றார் கலந்தர்.

"விழ இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு. வேர் நல்லா இரிக்கி. அது விழுமட்டும் இந்தப் புள்ள சிரிக்காம இரிக்கவா?"

கலந்தர் பிள்ளையைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்.

கரைந்த முன்பல்லைப் பிடுங்காமல் கட்டியெடுப்பது, பயிற்சிக் காலத்தில் அவள் ஒரே ஒரு தடவை கண்ட வேலை. தன் கையால் செய்ததில்லை. ஆனாலும் தொடங்கினாள். கறுப்பைக் குடைந்தெடுத்தாள். கண்ணாடித்தாள் போன்ற சின்ன உறைகளைப் பல்லுக்குப் பல் அளந்து கத்தரித்தாள். இரண்டு பசைகளைக் குழைத்து உறையில் நிரப்பிப் பல்லில் மாட்டி, இறுகும்வரை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். உறையை உரித்தபோது வெள்ளைப் பல்லொன்று இருந்தது.

மழை விட்டு வெயில் வந்ததும் பிள்ளையை முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கீழ்ப்பல்லை விட இது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நல்லாத்தானே இரிக்கி" என்றார் கலந்தர்.

"ஒங்களுக்கு நல்லாரிக்கும். எனக்குக் கட்டின பல்லெண்டு தெரியிது."

அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் மங்கல் நிறம் குழைத்துத் திரும்பவும் வைத்தாள். நாலு பல்லுக்கு மூன்று காலைகள் போயின. கடைசி நாள் கண்ணாடியைக் கொடுத்ததும் ஜுனைதா நாக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "என்டதா மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

"ஓம் மகள். ஒன்டதுதான்."

மீலாத் மேடையில் ஜுனைதா ஓதினாள். குரல் பந்தலின் கடைசிவரை கணீரென்று வந்தது. பெண்கள் பக்கம் பின்வரிசையில் இருந்த ஸம்ஸியாவின் காதில் அது விழுந்ததா என்பது சந்தேகம். முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தவள், வரிசைகளைக் கடந்து மேடைக்கு முன்னால் போய், விருந்தாளிகளின் கதிரைகளுக்கு நடுவே குனிந்தாள்.

"கொஞ்சம் தள்ளி இரிங்க. எனக்குப் பல்லுத் தெரியல்ல."