சாய்வாக வெட்டிய தகடுகள்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரத்தில் நான் கள்ளக்குறிச்சியில் அப்பா வீட்டில் மாட்டிக்கொண்டேன். அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவி. லீவுக்கு வந்தவளால் திரும்ப முடியவில்லை. சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் ஓடவில்லை.

டிரான்ஸ்பார்மர் இரும்புக்குள் காந்தப்புலம் எப்படிப் பரவுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. அந்த இரும்பை உருளைகளுக்கு இடையே விட்டுத் தகடாக்குவார்கள். உருட்டிய திசையில் காந்தம் சுலபமாக ஓடும். குறுக்கே ஓடச் சிரமப்படும். நேரான பகுதிகளில் என் கணக்கு மீட்டர் காட்டிய அளவோடு ஒத்துப்போனது. மூலையில், காந்தம் திரும்பும் இடத்தில், ஒத்துவரவே இல்லை. அங்கே அது சாய்வாகப் போகிறது. சாய்ந்த திசைக்கான அளவு யாரிடமும் கிடைக்கவில்லை. நானாக ஊகித்துப் போட்டிருந்தேன். மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றேன்.

எங்கள் தெருவில் மோட்டார், டிரான்ஸ்பார்மர்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மறியலால் பட்டறை மூடியிருந்தது. எரிந்துபோன டிரான்ஸ்பார்மரின் பழைய தகடுகள் பின்னால் அடுக்கிக் கிடந்தன. நேராக, குறுக்காக, சாய்வாகப் பட்டைகள் வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். முழுசாகப் புரிந்திருக்காது.

"சும்மாதானே குந்திகினு இருக்கேன், வா," என்றார்.

வளைந்தாலோ தட்டினாலோ இரும்பின் குணமே மாறிவிடும் என்று சொல்லியிருந்தேன். அதனால் ஒவ்வொரு பட்டையையும் கண்ணாடி போலப் பிடித்து வெட்டினார். அண்ணி அவற்றைப் பழைய புடவையில் சுற்றி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினார்.

சின்னசேலத்திலிருந்து ரயில் போகிறது என்று கேள்விப்பட்டதும் அண்ணனே தன் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு பெரிய புளியமரம் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பயம்தான். ஒருவர் இறங்கி வந்தார்.

"இன்னாங்க கட்டுல?"

இரும்புத் தகடு, என் படிப்புக்கு வேண்டியது, வளையக் கூடாது என்றேன். அவர் பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க புள்ளைங்களும் இப்டி படிக்கணும்னுதான் ரோட்ல குந்திகினு இருக்கோம்," என்றார்.

பிறகு கட்டைத் தானே வாங்கி, தலைக்குமேல் மட்டமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தைத் தாண்டினார். இன்னும் இரண்டு பேர் மொபெட்டைத் தூக்கிவிட்டார்கள்.

சென்னையில் பட்டைகளை ஒவ்வொன்றாக அளந்தேன். நான் எதிர்பார்க்காதது ஒன்று தெரிந்தது: காந்தத்துக்கு மிகக் கடினமான திசை குறுக்குத் திசை அல்ல, அதற்கும் நேருக்கும் நடுவே சாய்ந்த ஒரு திசை. என் ஊகம் அங்கேதான் தவறியிருக்கிறது. புது அளவுகளைப் போட்டுக் கணக்கை ஓட்டியதும் மூலையில் வந்த எண்கள் மீட்டரைத் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்தன. கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அந்த மூலையில் காந்தக் கோடுகள் வளைந்து திரும்பும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு திரும்புற மாதிரி கீது," என்றார். படத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். மரத்தைத் தாண்டி என் தகட்டுக் கட்டைச் சுமந்தவருக்கும் ஒன்று கொடுத்திருப்பேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.