சாமிக்குப் போட்ட அரளி மாலை

"மாடு வாய் வைக்காது சார், பயமே வேணாம்" என்று நர்சரிக்காரர் சொன்னதை நம்பித்தான் மர்பி டவுனில் எங்கள் வாசலில் அரளி வைத்தேன். பச்சை இலை கசக்கும், அதனால் வைக்காது. காய்ந்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, புத்திசாலியான நானும் கேட்கவில்லை.

சாமி படத்து மாலையை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. காலில் மிதிபடும் என்று மாட்டுக்குப் போட்டுவிடுவோம். அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு வாரம் காய்ந்த அரளி மாலையைப் பிய்த்தேன். பூ போதாமல் இலையும் சேர்த்து நானே கட்டிய அலங்கோலம் அது. அழுகிய வாழைப்பழத்தோடு பிசைந்து எதிர்வீட்டு அக்காவின் சினைமாட்டுக்கு வைத்தேன். புண்ணியம் வேறு எதிர்பார்த்தேன்.

மதியம் மாட்டுக்கு எச்சில் ஒழுகியது, கழிந்தது, கால் நடுங்கியது. வந்த கால்நடை மருத்துவர் மாட்டின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார்.

"துடிப்பு விட்டு விட்டு அடிக்குது. என்ன தின்னுச்சு? பேகா, சீக்கிரம் சொல்லும்மா!"

"தவிடும் புல்லுந்தான் சார். ஐயோ, வயித்துல கன்னு இருக்குதே!"

எப்போதும் வாயாடும் எனக்குக் காலையில் வைத்த மாலை நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னேன்: "அக்கா, நான்தான் விஷம் வெச்சேன்."

"இப்பக்கூடவா உனக்கு ஜோக்கு? தள்ளி நில்லுப்பா!"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. மாட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று போன வாரம்தான் அரை மணி நேரம் அவரை நம்பவைத்திருந்தேன்.

ஓடிப்போய் ஓர் அரளிக் கிளையையும் மாலை நாரையும் கொண்டுவந்து நீட்டினேன். மருத்துவர் முகம் மாறியது. "காஞ்சா கசப்புதான் குறையும், விஷம் குறையாது." ஊசி போட்டார். கரித்தூளைக் கரைத்துக் குழாய் வழியே உள்ளே விட்டார்.

"நடக்க விடாதீங்க. மிரண்டாக்கூட இதயம் தாங்காது."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. மாடு தலையைத் தொங்கப்போடும்போதெல்லாம் என் நெஞ்சும் ஒரு துடிப்பு தவறியது. அன்று நாங்கள் இரண்டு நோயாளிகள்.

மறுநாள் காலை மருத்துவர் வந்து நெடுநேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "பொழச்சுக்கும்." கன்றும் அசைகிறதாம். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அரளியை வேரோடு பிடுங்கிவிட்டேன். ஆனாலும் மாட்டுக்கு நான் வாழைப்பழம் கொண்டுபோனால் அக்கா குறுக்கே நிற்கிறார்.

"மொதல்ல நீ ஒரு கடி கடிச்சு முழுங்கு. வாயைத் தொறந்து காட்டு."

காட்டுகிறேன்.