விசிறி நிற்கும் வரை

அந்தப் பெரிய மருத்துவமனையில் அவளுடைய முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் இல்லை. இருபத்தாறு வருடங்களாகத் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், தொலைபேசி இணைப்புப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "வணக்கம், மருத்துவமனை. சொல்லுங்க" என்று அவள் சொல்லும்போது, மறுமுனையில் அழுதுகொண்டிருப்பவர்கள்கூட ஒரு விநாடி அழுகையை நிறுத்திவிட்டுப் பேசுவார்கள். தாழ்வாரத்தில் எதிரே வரும் மருத்துவர்கள் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். "குட் மார்னிங் டாக்டர்" என்று அவள் சொன்னதும்தான் திரும்பி வந்து, "அடடே, நீங்கதானா அது!" என்பார்கள்.

பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. யாராவது அவளுடைய காதைப் புகழ்ந்தால் சிரிப்பாள். "கூர்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க கேக்குறதில்ல, நான் கேக்குறேன். அவ்வளவுதான்."

வீடு மூன்றாவது மாடியில், இரண்டே அறைகள். மாடிப்படி ஐம்பத்து நான்கு. வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் இருநூறு அடி. அவளுடைய கணவர் அதே மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவர். சமையல் அவருடையது, காய் நறுக்குவது இவளுடையது. "நீ நறுக்குற கேரட்டை ஸ்கேல் வச்சு அளந்தாக்கூடத் தப்பு வராது" என்பார். போன வருடம், மழைக்காலம் தொடங்கிய ஒரு மாலையில், அந்தக் குரல் நின்றுபோனது. அவருடைய சட்டைகள் அலமாரியில் அப்படியே தொங்கின. சமையலறையில் அவர் நிற்கும் இடத்தில் இவள் நிற்கப் பழகினாள்.

ஒரு நாள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. தீ போனது, கேஸ் போகவில்லை. மூக்கில் ஏறியதுமே அவள் குமிழைத் திருகி, ஜன்னலைத் திறந்து, மாடிப்படியில் வந்து நின்றுவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழ்வீட்டு அம்மா அன்று மாலையே அவளுடைய தம்பிக்கு போன் செய்துவிட்டாள்.

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். தெருவில் அவனுக்கு 'மூணு தடவை' என்றுதான் பெயர். வேனில் ஏறும் பிள்ளைகளை மூன்று தடவை எண்ணுவான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். தும்மினால்கூட மூன்று தடவைதான் என்று அவன் மனைவி கிண்டல் செய்வாள். அவன் வந்து நின்ற வேகத்தில் அக்காவின் கதவு அதிர்ந்தது.

"போதும்க்கா. கிளம்பு. நம்ம வீட்டுக்கு வந்துடு."

"உன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூணு பஸ் மாறணும்டா. வேலையை விட்டுடவா?"

"விட்டுடு. நான் கஞ்சி ஊத்த மாட்டேனா?"

"கஞ்சி நீ ஊத்துவ. 'வணக்கம், மருத்துவமனை'ன்னு யாரு சொல்லுவா?"

வாக்குவாதம் கண்ணீரில் முடிந்தது. அழுதவன் தம்பி. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. கேஸ் சிலிண்டர் வெளியே போகும். இண்டக்‌ஷன் அடுப்பு உள்ளே வரும். மூன்று மாதம் எந்த விபரீதமும் இல்லாவிட்டால் அவள் இங்கேயே இருக்கலாம். ஒன்று நடந்தாலும் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பியோடு போக வேண்டும்.

அடுப்பு வந்தது. வழுவழுவென்று ஒரு கண்ணாடிப் பலகை. தம்பி அதை டிவிக்குப் பின்னாலிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகப் போனான். பொருத்த வந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான்.

"சார், இது செல்போன் சார்ஜர் இல்ல. சுவத்துல இருக்கிற பெரிய பிளக்குல நேரா சொருகணும். பின்னாடி சுவரை ஒட்டி வைக்காதீங்க, காத்து போக இடம் வேணும்." பிறகு அவளைப் பார்த்துத் தயங்கினான். "மேடம், இதுல பட்டனே கிடையாதே. எல்லாம் தொட்டாப் போதும். ஆனா எங்க தொடணும்னு..."

அவள் விரல்கள் கண்ணாடியின் மேல் ஊர்ந்தன. மேடு இல்லை, பள்ளம் இல்லை. உலகத்தையே விரலால் படித்தவளுக்கு முன்னால், எழுத்தே இல்லாத ஒரு பக்கத்தை விரித்து வைத்தது போல இருந்தது.

அப்போதுதான் தம்பி மனைவி தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்தது ஒரு நகப்பூச்சு.

"அண்ணி, இதை ஒரு சொட்டு வச்சா காய்ஞ்சதும் மேடாயிடும். தொட்டுப் பாருங்க."

"உன் நகத்துக்கு?"

"என் நகத்தை யாரு பாக்குறா? உங்க தம்பி வேன் கண்ணாடியைத்தான் பாக்குறாரு."

முதலில் குறியின் மேலேயே சொட்டு வைத்தார்கள். அவள் சொட்டைத் தேடித் தடவும்போதே அடுப்பு பீப் என்று கத்தி உயிர்பெற்றது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு குறிக்கும் ஒரு விரல் அகலம் கீழே வைத்தார்கள். ஒரு சொட்டு என்றால் ஆன், ஆஃப். இரண்டு சொட்டு குறைக்க, மூன்று சொட்டு கூட்ட. சொட்டைக் கண்டுபிடித்து, விரலைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் போதும். இதை மெக்கானிக் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனான்.

பிறகு பாத்திரங்கள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த வாத்து பொம்மைக் காந்தத்தை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தாள். ஒட்டினால் அடுப்புக்கு ஆகும். கடைசியாகக் கையில் வந்தது கணவர் தினமும் டீ போட்ட அலுமினியப் பாத்திரம். வாத்து ஒட்டவில்லை. மறுபடி வைத்தாள். நழுவி விழுந்தது. அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதில் துணி கிளிப்புகளைப் போட்டு ஜன்னலோரம் வைத்தாள்.

அடுப்பு அவளோடு பேச ஆரம்பித்தது. பாத்திரம் இல்லாவிட்டால் விட்டுவிட்டுக் கத்தும். சூடேறும்போது தொண்டைக்குள் முனகும். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது அதன் வயிற்றிலிருந்த விசிறி. அணைத்த பிறகும் அது ஓடும். பால் காய்ச்சினால் கொஞ்ச நேரம், உருளைக்கிழங்கு வறுத்தால் வெகுநேரம். விசிறி ஓடினால் கண்ணாடி இன்னும் சுடுகிறது. அது தானாக நின்றதும் மெதுவாக அறுபது எண்ணுவாள். பிறகு ஈரத்துணியால் துடைப்பாள். கம்பி நாரை அருகிலேயே சேர்க்கமாட்டாள். கரண்டியையும் மூடியையும் கண்ணாடி மேல் வைக்கமாட்டாள். பாத்திரத்தை இழுக்காமல் தூக்கித்தான் வைப்பாள். தம்பி மனைவி வரும்போதெல்லாம் இதைக் கவனித்துத் தன் வீட்டு அடுப்பிலும் அப்படியே செய்யப் பழகினாள். "எனக்கே அண்ணிதான் வாத்தியார்" என்று புருஷனிடம் பெருமையடித்தாள்.

பன்னிரண்டு வாரம் ஓடியது. இன்னும் ஒரே வாரம்.

அந்தச் சனிக்கிழமை தம்பி மட்டும் வந்திருந்தான். அவள் அவனுக்காக உருளைக்கிழங்கு வறுத்தாள். முடிந்ததும் அடுப்பை அணைத்து, வாணலியை மரப்பலகைக்கு மாற்றினாள். தம்பி வேனில் ஒரு சின்னப் பெண் தூங்கிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "மூணாவது தடவை எண்ணும்போதுதான் கிடைச்சாக்கா! அதான் நான் எண்ணுறது!" அவள் சிரித்துக்கொண்டே துணியை நனைத்தாள். விசிறிச் சத்தம் இல்லை. அறுபது எண்ணினாள். துணியோடு உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள்.

அலறல் கீழ்வீடு வரை கேட்டது.

தம்பி அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "போதும்க்கா, போதும்! இனிமே ஒரு நிமிஷம்கூட உன்னைத் தனியா விடமாட்டேன்!"

தண்ணீர் கையில் ஓடிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு 'டக்' கேட்டதே! சுவர் பக்கத்திலிருந்து கேட்டதே! பத்திரம், பத்திரம் என்று எதையும் பிடுங்கி வைக்கும் தம்பி, அடுப்பு அணைந்த மறுநொடியே பிளக்கைப் பிடுங்கிவிட்டான். மின்சாரம் போனதும் விசிறியும் போனது. கண்ணாடி மட்டும் சத்தமில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

சொல்ல வாயெடுத்தாள். அவனுடைய கண்ணீர் அவள் முழங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு முறை வேன் கதவில் யாரோ ஒரு பையனின் விரல் லேசாக நசுங்கியதற்கே ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவன் இவன். அக்காவின் கையைச் சுட்டது தன் கைதான் என்று தெரிந்தால் தாங்குவானா?

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஐம்பத்து நான்கு படிகளும், இருநூறு அடிகளும், 'வணக்கம், மருத்துவமனை'யும் அந்த மௌனத்துக்குள் போய்விட்டன.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேன் வாசலுக்கு வந்தது. கைப்புண் ஆறி, புதுத்தோல் இழுத்துப் பிடித்திருந்தது. வேலையை விடும் கடிதம் கைப்பையில் இருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டியது. தம்பி பெட்டிகளைக் கீழே இறக்கினான். தம்பி மனைவி அலமாரியைக் காலி செய்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கவா? கணக்கு தப்பவே மாட்டீங்களே நீங்க. அன்னைக்கு எப்படி..."

"வயசாகுதுல்ல."

"ஐம்பத்தாறு ஒரு வயசா? எங்க அம்மா இந்த வயசுல ஸ்கூட்டர் கத்துக்கிட்டாங்க."

"விழுந்தாங்களா?"

"விழுந்தது எங்க அப்பா. பின்னாடி உக்காந்திருந்தாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சரியான இடத்தில் நிற்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கடைசியா ஒரு டீ போடுறேன். மூணு பேரும் குடிச்சுட்டுக் கிளம்பலாம்."

ஒரு சொட்டைத் தேடினாள். விரலை மேலே ஏற்றினாள். அடுப்பு முனகியது. டீ கொதித்து வாசனை வந்ததும் அணைத்து, பாத்திரத்தை மரப்பலகைக்கு மாற்றினாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் தடவையாக அதைக் கேட்பது போல நின்றாள்.

டக்.

சத்தம் நின்றது. மேலே வந்திருந்த தம்பி, அடுப்பையும் பெட்டியில் வைக்கலாம் என்று பிளக்கைப் பிடுங்கியிருந்தான். சூடாக இருக்கும்போது எரியும் சின்னச் சிவப்பு எழுத்தும் அதோடு அணைந்துவிட்டது. அலமாரிப் பக்கம் திரும்பியிருந்த மனைவி அதைக் கவனிக்கவில்லை. "இருங்க அண்ணி, விசிறிதான் நின்னுடுச்சே, நான் துடைச்சுக் கட்டிடுறேன்" என்று அவள் சொன்ன குரல் அடுப்பை நோக்கி வந்தது. ஈரத்துணியைப் பிழியும் சத்தம்.

"தொடாதே!"

அப்படி ஒரு குரல் அந்தத் தொண்டையிலிருந்து வரும் என்று யாரும் நினைத்ததில்லை. நகப்பூச்சு வைத்த கை கண்ணாடிக்கு மேல் அப்படியே நின்றது.

"தொடாதேம்மா. சுடும். விசிறி தானா நிக்கல. தம்பி பிளக்கைப் பிடுங்கிட்டான்."

தம்பியின் கையில் பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மெல்ல நடந்து வந்து, உள்ளங்கையைக் கண்ணாடிக்கு மேல் பிடித்துப் பார்த்தான். வெப்பம் மேலேறியது.

"அக்கா..." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அன்னைக்கும்... நானா?"

அவள் அவசரமாகக் கையை முந்தானைக்குள் மறைத்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல? வேலையை விடப் போனியே! வீட்டை விடப் போனியே!"

"நீ என்னைக் காப்பாத்தத்தானேடா பிடுங்கின? அதைப் போய் எப்படிடா சொல்லுவேன்?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்காவின் ஆறிய உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவன் மனைவி துணியைக் கீழே போட்டாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"வண்டியில ஏறுற பிள்ளைங்களை மூணு தடவை எண்ணத் தெரியுது. ஒரு விசிறி நிக்கிற வரைக்கும் நிக்கத் தெரியலையாங்க உங்களுக்கு? எழுந்திரிங்க. கீழ பதினோரு பெட்டி இருக்கு. எல்லாத்தையும் மேல கொண்டு வாங்க. நீங்களே."

அவனே கொண்டுவந்தான். ஐம்பத்து நான்கு படி, பதினோரு பெட்டி. நாலாவது பெட்டியில் மூச்சு வாங்கியது. எட்டாவது பெட்டியின்போது கீழ்வீட்டு அம்மா எட்டிப்பார்த்து, "காலி பண்றீங்களா, குடி வர்றீங்களா?" என்று கேட்டாள். டீ ஆறிப்போயிருந்தது. மறுபடி பிளக்கைச் சொருகி, மறுபடி சுட வைத்தார்கள். அணைத்ததும் தம்பியின் கை தானாகச் சுவர்ப் பக்கம் போனது.

"தம்பி," என்றாள் அக்கா, திரும்பாமலேயே.

கை பின்வாங்கியது. மூன்று பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, விசிறி தானாக நிற்கும் வரை நின்றார்கள்.

கடிதம் கிழிந்து குப்பைக்குப் போனது. திங்கட்கிழமை காலை, அந்த ஜன்னல் இல்லாத அறையில் முதல் அழைப்பு வந்தது.

"வணக்கம், மருத்துவமனை. சொல்லுங்க."

"அக்கா, விசிறி நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"தானா நின்னுச்சா?"

"தானா நின்னுச்சுடா."

"அறுபது எண்ணினியா?"

"இது அவசர லைன். வை போனை. வண்டியில பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்."

அன்று அவன் மூன்று தடவை போன் செய்தான்.