ஹைட்ரஜன் என்று நான் சொன்ன பலூன்கள்

கடற்கரைச் சாலையில் பலூன் விற்ற ஒரு பெண்ணின் பிழைப்பை நான் கெடுத்தேன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற இறுமாப்பில், சோதித்துப் பார்க்காமலே, "இதுல இருக்கறது ஹைட்ரஜன், நெருப்பு பட்டா வெடிக்கும்" என்று கூட்டத்தின் நடுவே சத்தம் போட்டேன். "ஹீலியம் சார்" என்று அவள் கெஞ்சினாள். அதற்குள் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

பிறகு அவளை அங்கே காணவில்லை. நோணாங்குப்பம் படகுத்துறையில் கண்டுபிடித்தேன். அவளிடமிருந்த சிலிண்டரில் ஹீலியம் என்றே எழுதியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்னா சார்? அங்க வந்து சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு மாலை அவளையும் அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் அதே இடத்துக்குப் போய், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று உரக்கச் சொன்னேன். இரண்டுமே காற்றைவிட லேசானவை. ஹைட்ரஜன் பற்றி எரியும், ஹீலியம் எரியவே எரியாது என்று விளக்கினேன். நீளமான கம்பின் நுனியில் துணியைச் சுற்றிக் கொளுத்தி, அவளுடைய பலூன் ஒன்றில் வைத்தேன். பட்டென்று உடைந்தது, அவ்வளவுதான். தீ எழவில்லை. ஒரு சிறுமி முன்னால் வந்து சிவப்புப் பலூன் கேட்டாள்.

இப்போது அவள் மறுபடி அங்கேதான் விற்கிறாள். என்னைக் கண்டால், "ஹைட்ரஜன் சார் வர்றாரு, பலூனைப் பத்திரமா புடிங்க" என்று கத்துகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான்.