மூன்று புள்ளியா, மூலையா

சிவகாசியில் ரக்பி பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவர் எங்கள் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிய அண்ணாச்சி. மற்றவன் அங்கே பிழை பார்க்கிற நான். அவர் சில வருடம் ஃபிஜித் தீவில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்துவிட்டு, இந்தக் கிறுக்கோடு ஊர் திரும்பியவர். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. பைண்டிங்கில் வேலை செய்த பெண்கள் எங்களுக்கு முட்டைப்பந்துக் கோஷ்டி என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

உலகக் கோப்பை சரியாகத் தீபாவளி சீசனில் வந்து தொலைத்தது. பட்டாசுப் பெட்டி ஆர்டர்கள் குவிந்து கிடக்க, நாங்கள் குரூப் ஆட்டங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். குரூப் ஆட்டத்தில் ஒரு அணி நாலு டிரை போட்டால், அதாவது நாலு தடவை எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால், பட்டியலில் ஒரு போனஸ் புள்ளி கிடைக்கும். தோற்றாலும் ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஒரு போனஸ் உண்டு. அன்றைய சண்டை இதை வைத்துத்தான்.

முந்தின நாள் ஃபிஜி மூன்று டிரை போட்டும் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது. கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. ஏழில் தோற்று ஒரு போனஸோடு வரலாம். பந்தை எதிரணி மூலைக்கு உதைத்து, அங்கிருந்து நாலாவது டிரைக்குப் போனால் இரண்டு போனஸும் கிடைக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். கேப்டன் மூலையைக் காட்டினார். பந்து கை நழுவியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்பட்டா இப்படித்தாம்லே" என்றார் அண்ணாச்சி, மெஷினில் மை சரிபார்த்துக்கொண்டே.

"ஒத்தப் பாயிண்ட வச்சு என்ன செய்ய அண்ணாச்சி? ரெண்டும் கெடச்சாத்தான் அடுத்த சுத்து. நீங்க எண்ணிப் பாருங்க."

"எம்புட்டு எண்ணினாலும் சைபர் சைபர்தாம்லே."

இப்படிப் பேசிக்கொண்டே அவர் முதல் தாளை என்னிடம் நீட்டினார். புஸ்வாணப் பெட்டி. ஓடிவரும் முதல் தாளை நான் வரி வரியாகப் படித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பேர் ஓகே ஷீட். அது மெஷினில் கிளிப்பில் தொங்கினால்தான் ஆபரேட்டர் ஓட்டலாம். சரக்கு போய்ச் சேரும்வரை அதைக் கழற்றக்கூடாது. நான் நிறத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், மூலைக்கு உதைத்ததுதான் சரி என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். எழுத்தைப் படிக்கவில்லை.

சாயங்காலம் லோடு ஓடி முடிந்த பிறகும் சண்டை ஓயவில்லை. எழுதிக் காட்டக் கைக்கு வேறு தாள் எட்டாததால், கிளிப்பில் தொங்கியதையே உருவி, அதன் வெள்ளை முதுகில் குரூப் பட்டியலைப் போட்டேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் நிதானமாகச் சரிபார்த்து மறுநாள் அவரை மடக்க வேண்டும் என்று அதை மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டேன். கழற்றக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

மூன்றாம் நாள் விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையிலிருந்து போன் வந்தது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அதில் இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு பயந்துபோய் ஃபோர்மேனைக் கூப்பிட்டாராம். புஸ்வாணத்தின் மேல் கம்பி மத்தாப்புக்கு உரிய வரி: கையில் பிடித்துக் கொளுத்தவும். நல்லவேளை, ஒரு பெட்டிகூட வெளியே போகவில்லை. ஆனால் அத்தனையும் குப்பை.

முதலாளி நேராக மெஷினுக்கு வந்தார். "ஓகே ஷீட்டு எங்க?"

"இங்கனதான் தொங்குச்சு முதலாளி" என்றார் அண்ணாச்சி.

"இப்ப எங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அதை உருவியபோது பக்கத்தில் நின்றவர் அவர்தான். நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார். முதலாளியும் என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியா?" என்றார்.

"எங்கிட்ட வரல முதலாளி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பயம். வேறு கௌரவமான காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அண்ணாச்சி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. சீசன் நேரத்தில் யாரும் ஆபரேட்டரை நிறுத்தமாட்டார்கள், அவரை நிறுத்தினார்கள். அன்றே வீட்டுக்குப் போய் அந்தத் தாளைச் சுக்குச்சுக்காகக் கிழித்துப் போட்டேன்.

ஓகே இல்லாமல் ஓட்டியவர் என்ற பேச்சு ஊரில் எல்லாப் பிரஸ்ஸுக்கும் போய்விட்டது. அண்ணாச்சி இப்போது விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டைக்கு நம்பர் எழுதுகிறார். ஆனாலும் பெரிய ஆட்டம் என்றால் எனக்குத்தான் போன் பண்ணுவார். பேச்சுக்கு நடுவே தும்முவார். நெடி. கேப்டனை மாற்றியது தப்பு என்பார். ஆமாம் அண்ணாச்சி என்பேன். கம்பத்துக்கு உதைத்ததுதான் சரி என்பார். அதற்கும் ஆமாம் என்பேன். அவரோடு எதிர்த்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

போன தடவை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னலே எல்லாத்துக்கும் ஆமாம் போடுத? சண்ட போடத்தானலே போன் பண்ணுதேன்."

மறுபடி தும்மினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுலே. உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. மறுபடி மெஷின்ல நிக்கணும்போல இருக்கு, அம்புட்டுத்தான்."

எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல இதற்கும், "சரி அண்ணாச்சி" என்றேன்.

அது நடந்து நாலு மாதமாகிறது. முதலாளியைத் தினமும் பார்க்கிறேன். வணக்கம் சொல்கிறேன்.