பாதிக் குலவை

எங்கள் குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் குலவை போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே மூச்சில் நான் போடுவதைக் கேட்டு மைக் செட்காரரே பாட்டை நிறுத்திவிடுவார். என் மாமியார் நேர் எதிர். ஜோராக ஆரம்பிப்பார், பாதியில் நிறுத்திவிட்டு, சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிடுவார். மருமகளாக வந்த புதிதில் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பிரசவம் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில். பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, கண் பிதுங்க முக்கிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா தடுத்தார். மூச்சை அடக்க வேண்டாம், சத்தம் போட்டு வெளியே விட்டுக்கொண்டே முக்கினால் போதும் என்றார். சத்தமாக மூச்சு விட எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அடுத்த வலி வந்ததும் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டேன். நர்ஸ் கையுறையோடு அப்படியே நின்றுவிட்டார்.

பிரசவ அறையிலிருந்து குலவை கேட்டால் வெளியே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பிள்ளை பிறந்தாச்சு. அத்தை பதில் குலவை போட்டு, வழக்கம்போல் பாதியில் நிறுத்த, என் வீட்டுக்காரர் அந்த மாடி முழுக்கக் கற்கண்டு கொடுத்துவிட்டு, வாட்ச்மேனுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் தலைகூட அப்போது தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மகள் பிறந்து, நர்ஸ் போய்ச் சொன்னபோது, "பொறந்தது தெரியும்மா, எடை எம்புட்டு?" என்றாராம் அந்த மனுஷன்.

சிரிப்பு அதோடு தீர்ந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தும்மினால் ஒரு சொட்டு, சிரித்தால் இரண்டு. பக்கத்து வீட்டு வளைகாப்பில் வாயைத் திறந்தேன். குலவை மேலே போனது, மற்றது கீழே போனது. ஈரச் சேலையோடு சுவரை ஒட்டியே நடந்து வீடு வந்து அழுதேன். மகளுக்குக் காது குத்த ஆறு மாதம் இருந்தது. அன்று நான் குலவை போடாவிட்டால் ஊரே ஏன் என்று கேட்கும். போட்டால் கேட்கவே வேண்டாம், பார்த்துவிடும்.

பிசியோதெரபி பார்க்கும் பெண் விளக்கினார். இடுப்புக்கு அடியில் தொட்டில்போல ஒரு தசை தாங்கிக்கொண்டிருக்கிறதாம், பிரசவத்தில் அது தொய்ந்துவிட்டதாம். ஒன்றுக்கு அடக்குவதுபோல் மேலே இழுத்துப் பிடித்து, பிறகு முழுசாக விட வேண்டும், மூச்சை மட்டும் அடக்கக் கூடாது என்றார். திருமங்கலத்திலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில், வேகத்தடைக்கு வேகத்தடை இழுத்துப் பிடித்தேன். முதல் வாரம் என் முகம் போன போக்கைப் பார்த்த கண்டக்டர், வாந்தி வருகிறதா, வண்டியை நிறுத்தவா என்று கேட்டார். வீட்டில் சொல்லி எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் சிரிக்காமல் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழக்குயில்குடி அய்யனார் கோயிலில் என் தம்பி தாய்மாமன் மிடுக்கோடு மகளை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி காதைப் பிடித்தார். கீழே இழுத்துப் பிடித்து, மேலே வாயைத் திறந்தேன். மகளின் அழுகையையும் தாண்டிப் போனது குலவை. ஒரு சொட்டு இல்லை.

பக்கத்தில் அத்தையின் குலவை பாதியில் நின்றது. சேலையைப் பிடித்தபடி என் காதோரம் குனிந்தார்.

"ஏத்தா, நீ பஸ்ஸுல பண்றத எனக்கும் சொல்லிக் குடு. எம்மகன் பொறந்ததுல இருந்து நான் ஒரு குலவ முழுசாப் போட்டதில்ல."